எந்த உப்பலவாடி?

2024 டிசம்பர் 2 ஆம் தேதி இரவு, தென்பெண்ணை ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியரின் மேசைமேல் ஐந்து கருவிகள் வரிசையாக இருந்தன. காவலர் ஒருவரின் வயர்லெஸ் செட்; தீயணைப்பு வீரர் இடுப்பிலிருந்து கழற்றி வைத்த வாக்கி; வருவாய்த் துறை ஊழியரின் கைப்பேசி, சார்ஜ் பதினோரு விழுக்காட்டில்; மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி வந்தபோது கூடவே எடுத்து வந்த, கடலில் படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலி செட்; கடைசியாக, நான் கொண்டு போயிருந்த அமெச்சூர் வானொலிக் கருவி, அதாவது தேர்வெழுதி உரிமம் பெற்ற தனியாட்கள் பேசும் செட். ஐந்தும் நல்ல நிலையில்தான் இருந்தன, ஐந்திலும் குரல் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒன்றில் வந்த குரல் மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாராவது ஒருவர் அதைக் காதால் கேட்டு, அடுத்த மைக்கை எடுத்து, வாயால் சொல்ல வேண்டும். வேறு வழி இல்லை.

அன்று அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டிருந்தது. நவம்பர் 30 ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டிய மழையில் எங்கள் கடலூர்ப் பகுதி ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. புதுச்சேரியில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் பெய்திருந்தது. அதன்மேல் ஆற்று வெள்ளம் வந்து சேர்ந்தது. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு செட்டில் செய்தி வந்தது: உப்பலவாடியில் ஒரு மாடி வீட்டில் ஆறு பேர், அதில் ஒன்று கைக்குழந்தை, கீழ்த்தளம் மூழ்கிவிட்டது. அதைக் கேட்ட இளைஞர் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. மீனவர்களின் செட்டை எடுத்து, "உப்பலவாடி, மாடி வீடு, ஆறு பேர்" என்று சொன்னார். படகு, குண்டு உப்பலவாடி என்ற ஊருக்குப் போனது. அந்த ஆறு பேர் இருந்தது சுபஉப்பலவாடி என்ற இன்னோர் ஊரில். இருட்டில் வீடு வீடாக டார்ச் அடித்துத் தேடி, அப்படி யாரும் இல்லை என்று தெரிந்து, திரும்பக் கேட்டு, சரியான இடத்துக்குப் படகு போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. குழந்தையைத் துணி விரித்த பிளாஸ்டிக் கூடையில் வைத்து இறக்கினார்கள், நலமாகவே இருந்தது. ஆனாலும் அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

யார் மீதும் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. செய்தி அனுப்பியவர் பொய் சொல்லவில்லை, கேட்டவர் தூங்கவில்லை, படகுக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போனார்கள். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகச் செய்த பிறகும் நேர்ந்த பிழை அது. அதனால்தான் அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடலூர் முதுநகரில் முப்பது ஆண்டுகளாக மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முதலில் வானொலிப் பெட்டி, பிறகு தொலைக்காட்சி, கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் விசைப்படகுகளின் வி.எச்.எஃப். செட்டும் மீன் காட்டும் கருவியும் ஜி.பி.எஸ்.ஸும். உப்புக்காற்றில் ஏரியல் கம்பியின் முனை பச்சை பூத்துப் போவதும், மைக்கின் சுருள் கம்பி உள்ளுக்குள் அறுந்து வெளியே நல்லதுபோல் தெரிவதும் எனக்கு அன்றாடம். அமெச்சூர் வானொலி உரிமத்துக்குத் தேர்வெழுதித் தேறியது 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு. அந்த நாளில் அந்தமானில் தொலைபேசி முற்றிலும் அறுந்தபோது, போர்ட் பிளேரில் அமெச்சூர் வானொலி நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் தம் கருவி வழியாகத் தீவுக்கும் நாட்டுக்கும் இடையே செய்தி பரிமாறினார் என்று படித்தது என்னைத் தூண்டியது.

இந்தச் சிக்கலை நான் முதன்முதலில் கையில் தொட்டு உணர்ந்தது கடையில்தான். ஒருநாள் இரண்டு செட்டுகள் பழுதுக்கு வந்தன. ஒரே ஊர், ஒரே உரிமையாளர், இரண்டிலும் திரையில் ஒரே அலைவரிசை எண். ஆனால் ஒன்றில் பேசினால் மற்றொன்று ஊமையாக இருந்தது. சிக்னல் வருகிறது என்று விளக்கு மட்டும் எரிந்தது, ஒலி வரவில்லை. பாதி நாள் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது: ஒன்றில் 88.5 ஹெர்ட்ஸ் துணை ஒலி அமைக்கப்பட்டிருந்தது, மற்றொன்றில் 100 ஹெர்ட்ஸ். பேச்சோடு சேர்ந்து, காதுக்குப் புலப்படாத அளவில் மெலிதாகப் போகும் ஓர் ஒலி அது. தனக்கு உரிய ஒலி சேர்ந்து வந்தால்தான் செட் வாயைத் திறக்கும். இல்லையென்றால், பேச்சு வாசல்வரை வந்து நின்றாலும் கதவைத் திறக்காது. தேவையற்ற இரைச்சல் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நல்ல நோக்கத்தோடு வைத்த ஏற்பாடுதான். ஆனால் அதை அமைத்தவர்கள் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லி வைத்துக்கொள்ளாததால், பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு கருவிகளும் அந்நியமாகிவிட்டன. சரிசெய்ய எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது.

சாதாரண அனலாக் செட்டுகளுக்கே இந்தக் கதி என்றால், டிஜிட்டல் செட்டுகளின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஐரோப்பாவில் வளர்ந்த டெட்ரா ஒரு முறை, அமெரிக்காவில் வளர்ந்த பி25 ஒரு முறை, விலை குறைவு என்பதற்காகப் பலர் வாங்கும் டி.எம்.ஆர். இன்னொரு முறை. ஒவ்வொன்றும் குரலை எண்களாக மாற்றிக் கட்டும் விதம் வேறு. ஒரே அலைவரிசையில் வைத்தாலும் ஒன்றின் கட்டை மற்றொன்றால் அவிழ்க்க முடியாது. ஒரு துறைக்கு ஓர் ஆண்டு நிதி வருகிறது, அது ஒரு வகையை வாங்குகிறது. மூன்று ஆண்டு கழித்து அடுத்த துறைக்கு நிதி வருகிறது, அப்போது சந்தையில் வேறு வகை மலிவாக இருக்கிறது. இருவரும் தத்தம் தேவைக்கு நல்ல கருவியைத்தான் வாங்குகிறார்கள். இருவரும் ஒரே கூரையின்மேல் ஏறி நின்று ஒரே ஆளை மீட்க வேண்டிய இரவு வரும் என்பது மட்டும் கொள்முதல் கோப்பில் எங்கும் எழுதப்படுவதில்லை.

இதில் எனக்கு வேதனை தரும் செய்தி ஒன்று உண்டு. இந்தச் சிக்கலைக் கடல் நூறாண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டது. கம்பியில்லாத் தந்தி வந்த புதிதில், ஒரு நிறுவனத்தின் கருவி வைத்த நிலையம் வேறு நிறுவனத்தின் கருவி வைத்த கப்பலோடு பேச மறுத்த காலம் இருந்தது. 1906 இல் பெர்லினில் கூடிய நாடுகள், எந்த முறைக் கருவியாக இருந்தாலும் கரை நிலையமும் கப்பலும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறியே ஆக வேண்டும் என்று உடன்பட்டன. 1912 இல் டைட்டானிக் மூழ்கியபோது அருகில் இருந்த கப்பலின் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போயிருந்தார். அதன் பிறகு வந்த உடன்படிக்கையில் இரவும் பகலும் கேட்டிருக்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. இன்று எங்கள் படகுகளில் இருக்கும் சேனல் 16, அதாவது 156.8 மெகா ஹெர்ட்ஸ், அந்த மரபின் பிள்ளை. எந்த நாட்டுக் கொடி, எந்த நிறுவனத்தின் செட், எந்த மொழி என்று பார்ப்பதில்லை. முதுநகர்ப் படகோட்டி ஒருவர் அதில் ஆபத்து என்று அழைத்தால், கேட்கும் தூரத்தில் இருக்கும் கடலோரக் காவல் படைக் கப்பலும் கேட்கும், சரக்குக் கப்பலும் கேட்கும், பக்கத்து ஊர்ப் படகும் கேட்கும். கேட்டவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அதே படகோட்டி கரையேறி, அதே செட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினால், அவர் குரலைக் கேட்கக் கடமைப்பட்டவர் ஒருவரும் இல்லை. அன்றிரவு மேசையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நிலத்தில் எங்களுக்கு ஒரு சேனல் 16 இல்லை.

சேனல் 16 என்பது கருவி அல்ல, ஓர் உடன்பாடு. எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே வாழ்கிறவர்களுக்கு இந்த உடன்பாட்டின் தேவை மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புரியும். மஞ்சக்குப்பத்திலிருந்து ஆல்பேட்டை தாண்டி, தென்பெண்ணைப் பாலம் ஏறி இறங்கிச் சற்று தூரம் போனால் முள்ளோடை. அங்கிருந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதி, அதாவது யூனியன் பிரதேசம். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று போகும் அந்தச் சாலையில் வண்டியோட்டிகளுக்கு எல்லை என்பது ஒரு வளைவும் சில பெயர்ப்பலகைகளும்தான். பிரெஞ்சு ஆட்சியின் மிச்சமாகப் பாகூரும் நெட்டப்பாக்கமும் மண்ணாடிப்பட்டும் தமிழ்நாட்டு மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஆற்றுக்கோ அது ஒன்றும் தெரியாது. சாத்தனூரில் திறந்த தண்ணீர் திருவண்ணாமலை மாவட்டத்தில் தொடங்கி, விழுப்புரத்தை நனைத்து, ஒரு கை பாகூர்ப் பக்கமும் ஒரு கை கடலூர்ப் பக்கமுமாக நீட்டிக் கடலில் சேர்கிறது. அதைப் பின்தொடர வேண்டிய செய்தியோ மாவட்டக் கட்டுப்பாட்டறை, மாநிலக் கட்டுப்பாட்டறை, ஒன்றியப் பகுதிக் கட்டுப்பாட்டறை என்று ஏறி இறங்கி வர வேண்டியிருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டறை எண் எங்கும் 1077தான்; ஆனால் கைப்பேசியிலிருந்து அழைக்கும்போது முன்னால் கடலூருக்கு 04142 என்றும் புதுச்சேரிக்கு 0413 என்றும் சேர்த்தால்தான் உரிய இடத்துக்குப் போகும் என்பதை, இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒருவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த எல்லைக்குச் சற்று முன்பாக, இரவு எட்டு மணி அளவில், இருசக்கர வாகனத்தில் வந்த ஒரு பையன் மணலில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். நான் அவசர எண் ஒன்றை அழைத்தேன். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடித்ததோ, அதன்படி அழைப்பு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எடுத்தவர் மிகவும் பொறுமையாகப் பேசினார். இடம் கேட்டார், அடையாளம் கேட்டார், பிறகு அந்த இடம் தங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லி இன்னோர் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் மீன் ஏற்றி வந்த மினி லாரிக்காரர் ஒருவர்தான் ஐஸ் பெட்டிகளைத் தள்ளிவைத்துப் பையனைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். 2019 இல் இந்தப் பகுதிக்கு வந்த 112 என்ற ஒரே எண் இந்தத் துன்பத்தைக் குறைப்பதற்காகத்தான் உருவானது. மக்கள் அழைக்கும் எண்ணை ஒன்றாக்கியது பெரிய முன்னேற்றம். ஆனால் அழைப்பை எடுத்த பிறகு, உள்ளே இருக்கிறவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

எச்சரிக்கையிலும் இதே வேறுபாட்டைக் காண்கிறேன். அரசிடமிருந்து மக்களுக்குப் போகும் எச்சரிக்கைக்கு இப்போது ஒரு பொது வடிவம் வந்துவிட்டது. எந்த ஆபத்து, எந்தப் பகுதி, எவ்வளவு கடுமை, எதுவரை என்ற விவரங்களை ஒரே ஒழுங்கில் எழுதும் உலகப் பொது நெறிமுறையைக் கொண்டுதான் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம் இயங்குகிறது. 2023 இல் சோதனைச் செய்தி வந்தபோது என் கடையில் பழுதுக்குக் கிடந்த கைப்பேசிகள்கூட ஒன்றாக அலறின. வானிலைத் துறையும் அணைப் பொறியாளரும் கடல் ஆய்வு மையமும் ஒரே படிவத்தில் எழுதலாம் என்று அங்கே உடன்பட முடிந்திருக்கிறது. மீட்கப் போகிறவர்களுக்கு இடையில் மட்டும் அப்படி ஒரு படிவம் பழக்கத்துக்கு வரவில்லை.

செய்தி வந்து சேர்வதற்கும் வராமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் கடற்கரை 2004 டிசம்பர் 26 இல் பார்த்தது. சுமத்ராவுக்கு அருகே காலை 6.28 மணிக்கு நிலம் நடுங்கியது. அலை எங்கள் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் தேவனாம்பட்டினத்துக்கும் சிங்காரத்தோப்புக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கே சில கிலோமீட்டரில், புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவர் ஊரில் வேறு கதை நடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தியைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஊரார் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் கதவை உடைத்து, அதன் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் தப்பியது. நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். சிங்கப்பூரிலிருந்து நல்லவாடுவரை செய்தி வந்துவிட்டது. நல்லவாட்டிலிருந்து தேவனாம்பட்டினம்வரை வர அதற்கு ஒரு பாதை இல்லை.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பாதை இருந்தும் அறுந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் பேட்டரியும் டீசலும் தீர்ந்து ஒவ்வொன்றாக அடங்கின. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து சாலைகள் மூடிக் கிடந்தபோது, எந்த ஊருக்கு எது வேண்டும் என்று சொல்ல ஆள்தான் நடந்து வர வேண்டியிருந்தது. கைப்பேசியை மட்டும் நம்பி ஒருங்கிணைப்பு நடத்துகிறவர்கள், வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, செட் எதற்கு என்று கேட்கிறவர்கள், அந்த வாரத்தை மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். வாட்ஸ்அப் குழு மழை தொடங்கும்வரை மிக நல்ல கருவி.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்று முதல் பதினொன்று வரையிலான எண்களைச் செய்தித்தாளில் எல்லோரும் பார்த்திருப்போம். பகலில் கூம்பும் உருளையும், இரவில் வெள்ளை, சிவப்பு விளக்குகள். படிக்கத் தெரியாதவரும் அதைப் படிப்பார். மூன்றாம் எண்ணை ஏற்றினால் முதுநகரில் வலையை எடுத்து உள்ளே வைப்பார்கள். பத்து எண்கள் காற்றைப் பற்றியும் புயலைப் பற்றியும் பேசுகின்றன. பதினொன்றாம் எண்ணின் பொருள் பலருக்குத் தெரியாது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் ஆபத்து உண்டு என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக ஆக்கி, அதற்கென ஒரு கூண்டு ஒதுக்கி வைத்த அந்தப் பழைய மனிதர்களின் முன்யோசனையை நான் வியக்கிறேன். அன்றிரவு பள்ளிக்கூடத்தில் ஒரு செட் நாற்பது நிமிடம் மௌனமாக இருந்தபோது, அங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். உண்மையில் அதன் பேட்டரி செத்திருந்தது.

மேலே சொன்னவை எல்லாம் கருவியும் பாதையும் பற்றியவை. உப்பலவாடிப் பிழை அதனினும் ஆழமானது, ஏனென்றால் அங்கே பாதை இருந்தது. குரல் தெளிவாகவே போய்ச் சேர்ந்தது. போன சொல்தான் இருவருக்கும் வெவ்வேறாகப் பொருள்பட்டது. குண்டு உப்பலவாடி, சுபஉப்பலவாடி, பெரியகங்கணாங்குப்பம், சின்னகங்கணாங்குப்பம். உள்ளூர்க்காரர் முன்னொட்டை விட்டுவிட்டுத்தான் பேசுவார், அவருக்கு அது போதும். என் சொந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சல்காரருக்கும் அரசுக்கும் அது முதுநகர். பேருந்து நடத்துநருக்கு ஓ.டி.; ரயில்வேக்குக் கடலூர் துறைமுகம் சந்திப்பு. வெளியூரிலிருந்து வரும் மீட்புக் குழு ஒன்று, அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படை என்றே வைத்துக்கொள்வோம், இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரே இடம் என்று எப்படி அறியும்? வருவாய்த் துறை கிராமக் கணக்கின் பெயரைச் சொல்லும், காவல் துறை காவல் நிலைய எல்லையைச் சொல்லும், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பெட்ரோல் பங்கையும் கல்யாண மண்டபத்தையும் வைத்துச் சொல்வார், மீனவர் கோயில் கோபுரத்தையும் முகத்துவாரத்தையும் வைத்துச் சொல்வார்.

ஒவ்வொரு துறைக்கும் தனிச் சொல் வழக்கு இருப்பதும் இதே வகைச் சிக்கல்தான். அமெரிக்கக் காவல் துறைகள் நீண்ட காலம் பத்து என்று தொடங்கும் எண் குறிகளில் பேசின. ஒரே எண் ஓர் ஊரில் ஒரு பொருளும் அடுத்த ஊரில் வேறு பொருளும் தந்தது. 2005 இல் கத்ரினா புயல் வந்து பல மாநிலப் படைகள் ஒன்றாக இறங்க நேர்ந்த பிறகு, பல துறைகள் சேரும் நிகழ்வில் குறிகளை விட்டுவிட்டு எளிய பேச்சு மொழியில் பேச வேண்டும் என்று அங்கே வகுத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்பு, 2001 செப்டம்பர் 11 இல், நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் ஒரு கோபுரம் விழுந்த பிறகு, எஞ்சி நின்ற கோபுரமும் விழப்போகிறது என்று காவல் துறை ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கண்டு சொன்னார்கள். அந்தச் சொல் காவல் துறையின் அலைவரிசையில் போனது. உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களின் கருவிக்கு அது போகும் வழி இல்லை. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பணமும் கருவியும் குறைவில்லாத நகரம் அது.

நம் நாட்டில் இதற்கு எழுத்தில் வழி இல்லாமல் இல்லை. 2010 இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட சம்பவ எதிர்வினை முறைமை வழிகாட்டியில், தளவாடப் பிரிவின்கீழ் தொடர்புக்கென்றே ஓர் அலகு உண்டு. யார் யாரிடம் எந்த அலைவரிசையில் பேசுவது என்று முன்கூட்டியே திட்டம் எழுதி எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டியது அதன் வேலை. அந்தத் தாள் ஒரே ஒரு பக்கம்தான். வெவ்வேறு துறைகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடிவதைக் குறிக்க, இடைஇயங்குதன்மை என்று கோப்புகளில் நீட்டி எழுதப்படும் சொல்லின் முழுப் பொருளும் அந்த ஒரு பக்கத்தில் அடங்கும் என்பது என் கருத்து. இரண்டு வேறு வகைச் செட்டுகளை இணைக்கும் பாலக் கருவிகள் சந்தையில் உண்டு. நல்லவைதான், வாங்க முடிந்தால் வாங்க வேண்டும். ஆனால் பாலம் போட்ட பிறகும் இரு கரையிலும் இருக்கிறவர்கள் உப்பலவாடி என்றால் எது என்று பேசி வைத்திருக்காவிட்டால், தவறான செய்தி இன்னும் வேகமாகப் போகும்.

இதைச் சொல்லும்போது காவல் துறை நண்பர்கள் எழுப்பும் மறுப்பை நான் மதிக்கிறேன். எங்கள் அலைவரிசையை எல்லோரும் கேட்டால் குற்றவாளியும் கேட்பான் அல்லவா என்கிறார்கள். உண்மைதான். யாருடைய உள் பேச்சையும் திறந்துவிடச் சொல்லவில்லை. எல்லோருடைய செட்டிலும் தத்தம் சேனல்களோடு கடைசியாக ஒரு பொதுச் சேனல் இருக்கட்டும். சாதாரண நாளில் அதில் யாரும் பேச வேண்டாம். வெள்ளத்திலும் புயலிலும் களத்தில் நிற்கிற ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் அதற்குத் திரும்பட்டும். அது டிஜிட்டலாக இருக்க வேண்டியதில்லை. பழைய அனலாக் போதும், துணை ஒலி வேண்டாம், மறைகுறி வேண்டாம். அரசு அலைவரிசை ஒதுக்கி உரிமம் கொடுத்தால், செட்டுகளில் அதை ஏற்றும் வேலை ஒரு வாரத்துக்குள் முடியும். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

அதைவிடச் செலவில்லாத ஒன்று, திருப்பிச் சொல்லும் பழக்கம். சேனல் 16 இல் நல்ல படகோட்டிகள் அதை இயல்பாகச் செய்வார்கள். ஒருவர் இடம் சொன்னால் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார், சொன்னவர் சரி என்ற பிறகே படகைத் திருப்புவார். அன்றிரவு அந்த இளைஞர் ஒரே ஒரு முறை, "எந்த உப்பலவாடி, குண்டா, சுபாவா?" என்று கேட்டிருந்தால் போதும். அப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. மேசையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. முப்பது ஆண்டுகளாக இந்த ஊர்களுக்கு நடுவே வாழ்கிறேன்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு தாள் எழுதத் தொடங்கினேன். தென்பெண்ணை முகத்துவாரத்திலிருந்து மேலே பத்துக் கிலோமீட்டர்வரை, இரு கரையிலும் உள்ள ஊர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அரசுப் பெயர், பேச்சுப் பெயர், குழம்பக்கூடிய மற்றோர் ஊர், படகு அணையக்கூடிய இடம், உயரமான கட்டடம். தாழங்குடா, நாணமேடு, கண்டக்காடு, உச்சிமேடு என்று நடந்தே போய்க் கேட்டேன். கண்டக்காட்டில் ஒரு பாட்டி, நான் எழுதி வைத்திருந்த இரண்டு பெயர்களையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இப்ப வந்தவங்க சொல்றது தம்பி, எங்களுக்கு அது மேட்டுத்தெரு" என்றார். அதையும் பேச்சுப் பெயருக்கான கட்டத்தில் எழுதிக்கொண்டேன். 2015 வெள்ளத்திலும் தண்ணீர் ஏறாத இடம் அது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. தாளின் நகலை இரு பக்கத்து அலுவலகங்களிலும் கொடுத்திருக்கிறேன். ஓர் அலுவலர் அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பாகூர்ப் பக்கத்தில் இருக்கும் இன்னோர் அமெச்சூர் வானொலி நண்பரும் நானும் ஆற்றுக்குக் குறுக்கே பேசிப் பார்க்கிறோம். அவர் ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்வார்; நான் அதைத் திருப்பிச் சொல்லி, தாளில் அதன் எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு நான் சொல்வேன், அவர் திருப்புவார். கடந்த மாதம் இரண்டு தீயணைப்பு வீரர்கள் விடுப்பு நாளில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள், ஒருவர் மைக்கை வாங்கிப் பேசியும் பார்த்தார். பாகூர் ஏரிக்கரைக்கு அப்பால் நண்பரின் குரல் இன்னும் உடைந்துதான் வருகிறது. என் மாடியில் இருக்கும் ஏரியலைப் பன்னிரண்டு அடி உயர்த்தினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். குழாயும் இழுகம்பியும் வாங்கி வைத்தாயிற்று. புரட்டாசிக்குள் நிறுத்திவிட வேண்டும், ஐப்பசி பிறந்தால் மாடியில் ஏற முடியாது.